முன் இழுத்தலும் பின் தள்ளலும்

மனிதன் சக்கரத்தைக் கண்டான். சக்கரத்தின்மேல் பாரத்தை ஏற்றினான். பாரத்தின் முன்னே எருதைப் பூட்டினான். நாகரிகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் இம்மூன்று செய்திகளையும் தவறாமல் எழுதி வைத்துள்ளனர். ஆயின், அவ்வாறு பூட்டிய வண்டியைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டிய வேளை வந்தபோது அவன் யாது செய்தான் என்னும் வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. சிறு வினாவாகத் தோன்றும் இதற்கு விடை தேடிப் புறப்பட்டால், கோயில் தேரிலிருந்து இந்நாளைய கன்டெய்னர் லாரி வரையில் நீண்டதொரு வரலாறு நம்முன் விரிகின்றது. அவ்வரலாற்றையே இங்குச் சிறிது ஆராய்வோம்.

அதற்குமுன் ஓர் அடிப்படை உண்மையைத் தெளிந்துகொள்ளல் நலம். இழுத்தலும் தள்ளலும் ஒரே செயலின் இரு திசைகள் என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். அஃது உண்மையன்று. கயிற்றின் ஒரு முனையைப் பற்றி இழுத்தால், மறுமுனையில் கட்டிய பொருள் நாம் போகும் வழியே தானே வந்து சேர்கின்றது. இடையில் அது சற்று விலகினாலும், இழுப்பின் வலிமையே அதனை மீண்டும் நேர் செய்துவிடுகின்றது. அதாவது, இழுக்கும்போது பிழை தானாகவே குறைகின்றது. தள்ளும்போதோ நிலைமை தலைகீழாகி விடுகின்றது. இரு வண்டிகளை ஒரு முளையால் இணைத்துப் பின்னோக்கித் தள்ளுவோமாயின், பின்வண்டி ஓர் அங்குலம் விலகினால் அவ்விலகலே அடுத்த விலகலுக்குக் காரணமாகின்றது, அங்குலம் முழமாகின்றது, முடிவில் இரு வண்டிகளும் மடக்குக் கத்தி மடங்குவதுபோல் மடங்கி ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. கையிலிருந்து தொங்கும் கோல் தானே நேராக நிற்கும். அதே கோலை உள்ளங்கைமீது நிமிர்த்தி நிறுத்த வேண்டுமாயின், கழைக்கூத்தாடியின் கண்ணும் கையும் வேண்டும். பின்வண்டியை முன்னே இழுத்துச் செல்லுதல் தொங்கும் கோல் போன்றது. பின்னே தள்ளிச் செல்லுதல் நிமிர்த்திய கோல் போன்றது.

நம் முன்னோர் இவ்வுண்மையை நூலில் எழுதி வைத்தாரில்லை. தெருவில் எழுதி வைத்தனர் எனலாம். தமிழ்நாட்டுப் பெருங்கோயில்களைச் சூழ்ந்து நான்கு தேர்வீதிகள் அமைந்திருத்தலைக் காண்கின்றோம். ஊரார் கூடி வடம் பிடித்து இழுக்கும் தேர், நிலையினின்று புறப்பட்டு, நான்கு வீதிகளையும் வலமாகச் சுற்றி, புறப்பட்ட நிலைக்கே வந்து சேர்கின்றது. அதன் செலவு முழுவதும் முன்னோக்கியதே. வடத்தால் இழுக்கலாமேயன்றித் தள்ளலாகாது; ஆதலின் தேர் பின்னோக்கிச் செல்ல வேண்டிய தேவையே எழாதவாறு ஊர் அமைக்கப்பட்டது. வலம் வருதல் சமயநெறி. அந்நெறி, பாரம் இழுப்போரின் தொழில்நெறிக்கும் பொருந்தி நின்றமை கருதத்தக்கது.

வீதியின் மூலையில் தேரைத் திருப்புதல் தனித்ததொரு தொழில். தேரின் சக்கரங்களைத் திருப்புவதற்கு எவ்வகைப் பொறியும் இல்லை. சக்கரத்தின் கீழே மரத்தாலான முட்டுக்கட்டைகளைத் தக்க கோணத்தில் இட்டு, சக்கரம் அவற்றின்மீது வழுக்கி ஒருபுறம் நகரச் செய்து, சிறிது சிறிதாகத் திருப்புவர். பின்புறத்தில் நெடிய மரங்களை நெம்புகோலாகக் கொடுத்து, சன்னை போட்டு உந்துவோரும் உண்டு. 'முட்டுக்கட்டை போடுதல்' என்னும் தொடர் இன்று பேச்சுவழக்கில் ஒரு செயலைத் தடுத்தல் என்ற பொருளையே தருகின்றது. தேர்வீதியில் நின்று பார்த்தோர் அதன் மற்றொரு பொருளையும் அறிவர்: மலைபோன்ற தேரை நிறுத்துவதும் அக்கட்டையே, வழிதிருப்புவதும் அக்கட்டையே. அதனை இடுவோர் உருளும் சக்கரத்தின் அருகே தம் கையையும் காலையும் வைத்தே பணி செய்கின்றனர். பெரும்பாரத்தின் பக்கத்தில் நின்று அதற்கு வழிகாட்டும் இவ்வெளிய மனிதரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். இவ்வரலாற்றின் இறுதியில் அவரையே வேறொரு கோலத்தில் காண்போம்.

எல்லா ஊர்களிலும் தேர்வீதி கோயிலைச் சுற்றி அமைவதில்லை. ஒடிசாவின் பூரி நகரில், சகந்நாதர் கோயிலிலிருந்து குண்டிச்சா கோயில் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளும் பெருந்தெரு ஒன்றே தேரோடும் வீதி. சகந்நாதரின் நந்திகோஷத் தேர் 16 சக்கரங்களும், பலபத்திரரின் தாளத்துவசத் தேர் 14 சக்கரங்களும், சுபத்திரையின் தர்ப்பதளனத் தேர் 12 சக்கரங்களும் உடையன. சென்ற வழியே அவை மீள வேண்டும். ஆயினும் அவற்றைப் பின்னோக்கித் தள்ளிச் செல்லும் வழக்கம் அங்கும் இல்லை. தெய்வங்கள் குண்டிச்சா கோயிலில் தங்கியிருக்கும் நாட்களில், தேர்களை ஒவ்வொன்றாகத் தென்முகமாகத் திருப்பி நிறுத்துகின்றனர். இதற்கென்றே 'தட்சிண மோடா' என்னும் தனிச் சடங்கு அமைந்துள்ளது. திருப்புவதற்கு இடமும் நாளும் ஒதுக்கி, அதனை வழிபாட்டின் பகுதியாகவே ஆக்கிவிட்டனர் பூரிப் பெருமக்கள். தமிழகம் வீதியைச் சுற்றாக அமைத்துப் பெற்ற பயனை, கலிங்கம் திருப்பத்தைச் சடங்காக அமைத்துப் பெற்றது. இரண்டிடத்தும் கருத்து ஒன்றே: பெரும்பாரத்தைப் பின்னே தள்ளாதே, அது முன்னே செல்வதற்கு வழி செய்.

தெய்வத்தின் தேரை விடுத்து உழவரின் வண்டிக்கு வருவோம். இரட்டை மாட்டு வண்டியில் நுகத்தடி எருதுகளின் திமிலுக்கு முன்னே, கழுத்தின்மேல் அமர்கின்றது. முன்னே நடக்குங்கால் திமில் அந்நுகத்தை உந்துகின்றது. பின்னே நடக்குங்கால் நுகம் கொம்பை நோக்கி நழுவுகின்றது. பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்குகின்றது. எருது தலையை உதறி நிற்கின்றது. ஆகையால் இரண்டோர் அடிக்கு மேல் பின்னடைய வேண்டுமாயின், வண்டிக்காரர் எருதுகளை அவிழ்த்து விடுவார், நுகத்தைத் தம் கையால் பற்றி வண்டியைத் திருப்புவார், திரும்பவும் பூட்டுவார். கழற்றித் திருப்பிப் பூட்டுதல் என்னும் இம்முறை எளியது. எனினும் பல நூற்றாண்டுகளாக மனிதகுலத்திற்குத் தெரிந்த சிறந்த முறை அதுவே.

போர்க்களத்திலும் அம்முறையே கையாளப்பட்டது. பீரங்கியின் நீண்ட வால்பகுதியில் ஒரு வளையம் இருக்கும். குதிரையோ எருதோ பூட்டிய இருசக்கர முன்வண்டியில் ஒரு கொக்கி இருக்கும். வளையத்தைக் கொக்கியில் மாட்டினால் இரண்டும் சேர்ந்து நாற்சக்கர வண்டியாகிவிடும். களத்தை அடைந்ததும் வீரர்கள் வளையத்தைக் கழற்றி, பீரங்கியைத் தம் தோள்வலியால் பகைவரை நோக்கித் திருப்புவர். முன்வண்டி ஒரு வட்டமிட்டுப் பின்னே சென்று நிற்கும். பூட்டிய நிலையில் பீரங்கியைப் பின்னோக்கித் தள்ளிச் சென்று நிறுத்த எந்தத் தளபதியும் விரும்பியதில்லை.

இந்தியப் படைகளில் இப்பணிக்கு எருதுகள் பெரிதும் பயன்பட்டன. மைசூரில் சிக்கதேவராச உடையார் காலத்தில் அரண்மனைக்கெனத் தொடங்கிய கால்நடைப் பண்ணை, ஐதர் அலி காலத்திலும் திப்பு சுல்தான் காலத்திலும் பெருகிப் படைக்கு எருதுகளை அளித்தது. அதற்கு 'அமிர்த மகால்' என்று பெயரிட்டவர் திப்பு. 1781-இல் சிதம்பரத்தைக் காக்கும்பொருட்டு ஐதர் அலி இரண்டரை நாளில் 100 மைல் தொலைவு படை நடத்தியமைக்கு இவ்வெருதுகளே காரணம் என்று அவ்வினத்தைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. வடக்கே, கோட்டைகளைத் தகர்க்கும் கனத்த பீரங்கிகளை யானைகள் இழுத்தன. ஆயின் குண்டுமாரியின் நடுவே யானை நிலைகொள்வதில்லை. ஆகவே களத்தை நெருங்கியதும் யானையை அவிழ்த்து எருதுகளைப் பூட்டும் வழக்கம் ஆங்கிலேய இந்தியப் படையில் இருந்தது.

இத்தகைய இழுவை எத்துணை நீண்டதாக அமையும் என்பதற்கு 1857-ஆம் ஆண்டு சான்று தருகின்றது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் தில்லியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயப் படைக்குப் பஞ்சாபிலிருந்து முற்றுகைப் பீரங்கிகள் வந்து சேர்ந்தன. கனத்த பீரங்கிகளை யானைகள் இழுத்து வந்தன. வெடிமருந்தும் குண்டுகளும் ஏற்றிய வண்டிகள் ஏறக்குறைய 600 பின்தொடர்ந்தன. பல மைல் நீண்ட அவ்வரிசை சாலையில் ஒருமுறை புறப்பட்டுவிட்டால் அதற்கு முன்னேறுதல் ஒன்றே வழி. அவ்வரிசை வந்து சேர்ந்ததன் விளைவைத் தில்லி சில நாட்களுக்குள் அறிந்தது.

அடுத்து வந்தது நீராவிக் காலம். இப்பகுதியில் நம் நாட்டுச் சாலையோடு தொடர்புடைய இருவரைக் குறிப்பிடல் வேண்டும். ஒருவர் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காத்லாந்துப் பொறிஞர். 1845-இல், தமது இளமையிலேயே, காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றவர் அவர். பின்னர், 1867-ஆம் ஆண்டளவில், கனத்த ரப்பர் வளையம் பூட்டிய சக்கரங்களையுடைய நீராவிச் சாலை வண்டியை உருவாக்கினார். மற்றவர் ரூக்ஸ் ஈவ்லின் பெல் கிராம்ப்டன். 1864-இல் படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்த இவர், பெருஞ்சாலையில் அரசின் சரக்குகள் மாட்டு வண்டித் தொடர்களில் நத்தைபோல் ஊர்ந்து செல்வதைக் கண்டார். தாம்சனின் வண்டியைக் கொண்டு பல பின்வண்டிகளைத் தொடராக இழுக்கலாம் என்று அரசுக்கு எடுத்துரைத்தார். அப்போது வைசிராயாக இருந்த மேயோ பிரபு இம்முயற்சிக்கு ஆதரவளித்தார். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரில் பொறிகள் செய்யப்பட்டன. 'செனாப்', 'ராவி' எனப் பஞ்சாபின் ஆறுகளின் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. 1871-இல் ராவி என்னும் பொறி இப்ஸ்விச்சிலிருந்து எடின்பரோ வரை சாலைவழியே சென்று மீண்டு, தன் ஆற்றலை மெய்ப்பித்தது. பின்னர் இப்பொறிகள் பஞ்சாபில் தண்டவாளமின்றிச் சாலையிலேயே சரக்குத் தொடர்களை இழுத்தன.

தண்டவாளத்தின் மீது ஓடும் தொடருக்கும் சாலையில் ஓடும் தொடருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படுகின்றது. இரயில் பெட்டியைத் தள்ளினாலும் இழுத்தாலும் தண்டவாளம் அதனை விலகவிடாது. சாலையில் அத்தகைய காவல் இல்லை. முன்வண்டி ஒரு மூலையில் திரும்பினால், பின்வண்டி அதே தடத்தில் திரும்புவதில்லை; சற்று உட்புறமாகக் குறுக்கே வெட்டிச் செல்கின்றது. அதன்பின் வருவது இன்னும் உட்புறம் வெட்டுகின்றது. பத்து வண்டிகள் தொடர்ந்தால், கடைசி வண்டி மூலைவீட்டுத் திண்ணையின்மேல் ஏறிவிடும். முன்னோக்கிச் செல்லும்போதே இவ்விடர் என்றால், அத்தொடரைப் பின்னோக்கித் தள்ளுவதைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஓர் இணைப்பு மடங்கினால் ஒரு பிழை. பத்து இணைப்புகளும் தத்தமக்குத் தோன்றிய திசையில் மடங்கினால் அதனை நேராக்கும் ஆற்றல் எந்த ஓட்டுநருக்கும் இல்லை.

மேயோ பிரபு 1872-இல் அந்தமானில் கொலையுண்டார். தாம்சன் 1873-இல் காலமானார். இருப்புப்பாதை பஞ்சாபில் மேலும் மேலும் நீண்டு சென்றது. சாலைத் தொடருக்கு இடமில்லாமற் போயிற்று. கிராம்ப்டன் 1870-களின் இடைப்பகுதியில் தாயகம் திரும்பி மின்னியல் துறையில் புகுந்தார். பலர் வீட்டு மின்விசிறியில் இன்று காணும் கிராம்ப்டன் என்னும் பெயர் இவரிடமிருந்து வந்ததே. இவரை அப்பழைய இடர் விட்டபாடில்லை. 1915-இல், முதல் உலகப்போரில், கவச ஊர்தி ஒன்றை அமைக்கும் பணியில் இவர் ஈடுபட்டார். நீண்ட ஊர்தி பிரான்சு நாட்டுச் சிற்றூர்களின் தெருமூலைகளில் திரும்பாது என்று கண்டு, ஊர்தியை இரண்டாகப் பிரித்து நடுவில் இணைக்கும் திட்டத்தை வகுத்தார். அத்திட்டம் கைவிடப்பட்டது. பஞ்சாபில் சாலைத் தொடரோடு போராடியவர், எழுபது வயதை நெருங்கும்போது பிரான்சில் மீண்டும் அத்தெருமூலையையே எதிர்கொண்டார்.

பொறிஞர்கள் இவ்விடருக்கு இருவகை விடை கண்டனர். பின்வண்டியும் முன்வண்டியின் தடத்திலேயே வருமாறு செய்தல் முதல்வகை. பிரான்சில் சார்லஸ் ரெனார்ட் என்னும் படை அதிகாரி 1903-இல் ஒரு சாலைத் தொடரைக் காட்டினார். அதில் முன்வண்டியின் ஆற்றல் சுழலும் தண்டின் வழியே ஒவ்வொரு பின்வண்டிக்கும் சென்றது. பின்வண்டிகள் முன்வண்டியின் தடம் பற்றித் திரும்பும்படி இணைப்புகளும் அமைக்கப்பட்டன. 1934-இல் ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்கு அனுப்பப்பட்ட அரசுச் சாலைத் தொடர் இவ்வழியில் வந்ததே. எட்டுச் சக்கர முன்வண்டியும், எட்டுச் சக்கரப் பின்வண்டிகள் இரண்டுமாக, இருப்புப்பாதை எட்டாத பாலைவெளியில் அது பாரம் சுமந்தது. தடம் மாறாமை கருதி அமைத்த இவ்வழியில், பின்னோக்கிச் செல்லும் தேவை முதன்மை பெறவில்லை. ஆஸ்திரேலியப் பாலைவெளி அத்தேவையை எழுப்பவும் இல்லை. அங்கே ஊர்தி திரும்புவதற்கு இடம் குறைவதில்லை.

இரண்டாம்வகை விடை அமெரிக்காவில் தோன்றியது. 1914-இல் டெட்ராய்ட் நகரில் சிப்ளி என்னும் மர வணிகர், தம் படகை ஃபோர்டு காரின் பின்னே இழுத்துச் செல்ல விரும்பி, ஆகஸ்ட் ஃப்ரூவாஃப் என்னும் கொல்லரை நாடினார். ஃப்ரூவாஃப் செய்து தந்த வண்டிக்குப் பின்புறத்தில் மட்டுமே சக்கரம். முன்புறம் காரின்மீது சாய்ந்து நின்றது. அவ்வமைப்பையே மரம் ஏற்றும் வண்டிக்கும் அவ்வணிகர் வேண்டினார். பாரத்தின் ஒரு பகுதியை முன்வண்டியே தாங்குவதாலும், இணைப்பு ஒன்றே இருப்பதாலும், இது பின்னோக்கிச் செல்வதற்கும் பழைய தொடரைவிட எளிதாயிற்று. 1930-களில் இலண்டன் இரயில்வேச் சரக்கு முற்றங்களில் குதிரைகளுக்கு மாற்றாக ஸ்காமெல் நிறுவனத்தின் மூன்று சக்கர முன்வண்டி வந்தது. குதிரையைப் போல் குறுகிய இடத்தில் திரும்ப வல்லது. பின்வண்டியைத் தானே பற்றவும் விடவும் வல்லது. அதற்கு 'இயந்திரக் குதிரை' என்றே பெயர் வழங்கிற்று. குதிரையை ஓட்டிவிட்டோம் என்று மகிழ்ந்த பொறிஞர், குதிரையின் பெயரையே திரும்ப அழைத்துக்கொண்டனர்.

சட்டத்தின் மொழியை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும் பணியில் உள்ள நமக்கு, இவ்விரு வகையையும் பிரித்துக் காட்டும் சொற்களில் தனி ஈடுபாடு உண்டு. இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கான சட்டங்கள் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்டன. 1988-ஆம் ஆண்டுச் சட்டம், மோட்டார் வாகனத்தால் இழுபட்டு வருவதை 'டிரெய்லர்' என்றும், தன் உடலின் ஒரு பகுதியை முன்வண்டியின்மேல் ஏற்றி, தன் எடையின் ஒரு பகுதியை அதன்மீது சுமத்துவதை 'செமி டிரெய்லர்' என்றும் வேறுபடுத்துகின்றது. முன்னதை இணைப்பு வண்டி எனலாம். பின்னதை அரை இணைப்பு வண்டி என்று மொழிபெயர்த்தால், அது பாதி இணைந்தது என்ற தவறான பொருளைத் தருகின்றது. உண்மையில் இரண்டனுள் நெருங்கி இணைந்தது அதுவே. சாய்வு வண்டி என்பது ஒருவாறு பொருந்தும். சாலையில் உள்ளோருக்கோ இத்தொல்லை இல்லை. அவர்கள் எல்லாவற்றையும் டிரெய்லர் என்றே கூறி வேலையைத் தொடங்கிவிடுகின்றனர்.

அவர்கள் செய்யும் வேலையின் நுட்பத்தைச் சற்று நெருங்கிக் காண்போம். சாய்வு வண்டியின் வால் இடப்புறம் செல்ல வேண்டுமாயின், ஓட்டுநர் பின்னோக்கி ஓட்டியவாறே ஸ்டியரிங்கை முதலில் வலப்புறம் திருப்ப வேண்டும். முன்வண்டியின் பின்பகுதி வலப்புறம் நகர, பின்வண்டி இடப்புறம் மடங்கும். மடங்கத் தொடங்கியவுடன் ஸ்டியரிங்கை இடப்புறம் மாற்றி, மடங்கிய வண்டியைப் பின்பற்றிச் செல்ல வேண்டும். மாற்றத் தாமதித்தால் வண்டி மடங்கிப்போம். விரைந்து மாற்றினால் நேராகிப்போம். பின்வண்டி குட்டையானால் நொடியில் மடங்கும். நெடியதானால் மெல்ல மடங்கி, திருத்துவதற்குக் காலம் தரும். ஆகவே சிறிய டிரெய்லரே எளியது என்று எண்ணுதல் தவறு. முன்சக்கரங்கள் தனியே திரும்பும் நாற்சக்கர டிரெய்லரிலோ இணைப்புப் புள்ளிகள் இரண்டு. அங்கே தலைகீழ் விதி இருமுறை தலைகீழாகின்றது. தொடக்கத்தில் சாதாரண லாரியைப் போலவே திருப்பி, பின்னர் இரண்டு மடிப்புகளையும் ஒருங்கே கண்காணிக்க வேண்டும். அதனைத் திறம்படச் செய்வோர், ஓட்டுநருள்ளும் சிலரே.

இத்தகைய வித்தை இந்தியாவில் நாள்தோறும் பல்லாயிரம் முறை நிகழும் நிலை எவ்வாறு வந்தது? கன்டெய்னரே அதற்குப் பெருங்காரணம். 40 அடிக் கன்டெய்னர் ஏறத்தாழ 12.2 மீட்டர் நீளமுடையது. பொதுவாக அதன் கதவு ஒரு முனையிலேயே உள்ளது. லாரியில் ஏற்றும்போது அம்முனை பின்புறமாக அமைகின்றது. 1989-இல் மும்பைக்கு எதிர்க்கரையில் சவகர்லால் நேரு துறைமுகம் திறக்கப்பட்டது. துறைமுகத்தினுள்ளே பெரும் பளுதூக்கிகளின் கீழே டிரெய்லர்கள் முன்னோக்கியே வரிசையாகச் செல்கின்றன. அங்கே தேர்வீதியின் நெறி இன்றும் வாழ்கின்றது. ஆயின் துறைமுகத்தின் வாயிலைக் கடந்து, பிவண்டியின் கிடங்குகளையோ, தில்லியைச் சூழ்ந்த கிடங்குகளையோ அடையுங்கால், கதவு இருக்கும் பின்முனையைச் சரக்குமேடையோடு பொருத்தியே ஆக வேண்டும். அவிழ்த்துத் திருப்பும் வண்டிக்காரரின் வழியும் இல்லை. சுற்றி வரும் வீதியும் இல்லை. பல நூற்றாண்டுகளாக மனிதர் அறிவுடன் தவிர்த்து வந்த செயலை, பெட்டியின் ஒரு கதவு தவிர்க்க முடியாததாக்கிவிட்டது.

இங்கேதான், நினைவில் வைக்குமாறு முன்னர்க் கேட்டுக்கொண்ட மனிதர் மீண்டும் தோன்றுகின்றார். முட்டுக்கட்டை இட்டவரின் இடத்தில் இன்று நிற்பவர் லாரியின் கிளீனர். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கின்றார். வண்டியின் வால் வலப்புறம் மடங்கினால் அதனைத் தம் சாளரத்தின் வழியே காண்பார். இடப்புறம் மடங்கினால் அவர் காண்பது கன்டெய்னரின் இரும்புச் சுவர் மட்டுமே. இடக் கண்ணாடியில் வண்டியின் வால் தெரியாது. அப்போது கிளீனரின் குரலே அவருக்குக் கண். அக்குரல் 'வா, வா, ஹோல்டான்' என்று தமிழில் ஒலிக்கலாம். 'ஆனே தோ, ஆனே தோ' என்று இந்தியில் ஒலிக்கலாம். இரும்பின்மீது கையால் தட்டும் ஓசைக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. கிளீனர் நிற்கும் இடமோ பின்வரும் வண்டிக்கும் அசையாத சுவருக்கும் இடைப்பட்ட இடம். ஓட்டுநரின் கணிப்பில் ஒரு முழம் பிழைத்தால் அதற்கு விலையாவது அவருடைய உடல். ஆழ்ந்த பயிற்சி பெற்ற ஓட்டுநர், இயன்றவரை வால் வலப்புறமாகவே மடங்கும்படி வண்டியைக் கொண்டு நிறுத்துவதும், கிளீனர் கண்ணுக்கு மறைந்தால் உடனே வண்டியை நிறுத்துவதும் இதனாலேயே.

சட்டமும் இதனை உணர்ந்ததே. 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகள், பிறருக்கு இடரோ மிகுந்த இடையூறோ நேராது என்று உறுதி செய்துகொள்ளாமல் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தலாகாது என்றும், வண்டியைத் திருப்புவதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் செலுத்தலாகாது என்றும் வரையறுத்தன. 2017-இல் அவ்விதிகளுக்கு மாற்றாகப் புதிய ஓட்டுதல் விதிகள் வந்தன. விதிகளைப் படித்தறிந்து எவரும் டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டக் கற்பதில்லை. பெரும்பாலும் கிளீனராக இருந்தவரே ஓட்டுநராகின்றார். அதாவது, சுவரோரத்தில் நின்று கற்றவரே ஸ்டியரிங்கின் முன் அமர்கின்றார். அண்ணனிடம் தம்பியும், உஸ்தாதிடம் சீடனும் கற்கும் இக்கல்வியில் தாள் இல்லை, மதிப்பெண் இல்லை.

தமிழகத்தில் நாமக்கல்லைச் சூழ்ந்த வட்டாரம் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. எரிவாயு ஏற்றிய நெடிய டாங்கர் லாரிகளின் நெற்றியிலும் பின்புறத்திலும் அவ்வூர்ப் பெயரைப் பிற மாநிலச் சாலைகளில் காணும் நம்மவர், ஒரு கணம் ஊரையே கண்டாற்போல மகிழ்தல் இயல்பு. அம்மகிழ்ச்சியோடு மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். அவ்வண்டியில் வந்தவர்கள், மொழி அறியாத ஊரில், தமக்கெனத் திட்டமிடப்படாத சந்தில், பின்னாலிருந்து ஹாரன் ஒலிப்போரின் வசையைக் கேட்டவாறே, நிமிர்த்திய கோலை உள்ளங்கையில் நிறுத்தும் வித்தையைச் செய்து கொண்டிருக்கின்றனர். அவர்களுக்குத் தேவையானவை இரண்டு நிமிடப் பொறுமையும், ஆறடி இடமும்.

வரலாறு இவ்விடத்தில் நமக்கு ஒரு பாடத்தைத் தருகின்றது. தேர்வீதியை அமைத்தோரும், பூரியில் திருப்பத்தைச் சடங்காக்கினோரும், கொக்கியைக் கழற்றிப் பீரங்கியைத் திருப்பினோரும் பாரத்தின் இயல்பை அறிந்து அதற்கு இடம் தந்தனர். இந்நாளில் நாம் பாரத்தைப் பன்மடங்கு பெருக்கினோம், இடத்தைச் சுருக்கினோம், இடைப்பட்ட குறையை இருவர் தலையில் ஏற்றிவிட்டோம். புதிய கிடங்கு கட்டுவோர் வண்டி சுற்றி வருவதற்குரிய முற்றத்தை முதலில் வரைதல் வேண்டும். நெடிய வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தும் கலையை முறையாகக் கற்பிக்கும் பயிற்சிக் களங்கள் பெருகுதல் வேண்டும். அக்கலையில் தேர்ந்தோருக்கு, கைத்தொழில் வல்லோருக்குரிய ஊதியமும் மதிப்பும் கிடைத்தல் வேண்டும். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின், வடம் பிடித்தோரோடு முட்டுக்கட்டை இட்டோரையும் ஊர் நன்றியோடு நினைக்கின்றது. நம் வீட்டுக்கு வரும் அரிசியும் எண்ணெயும் எரிவாயுவும் நிலை வந்து சேர்வதற்குச் சுவரோரத்தில் நிற்கும் மனிதரும் அந்நன்றிக்கு உரியவரே.